காலையில் கல்லூரி, மாலையில் கடை: இரண்டையும் கெடுத்துக்கொள்ளாமல் ஓட்டுவது எப்படி?

மதுரையில் பி.காம். படித்த மூன்று வருடத்தில் மூன்று வேலை பார்த்தேன். முதல் வருடம் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறினேன். இரண்டாம் வருடம் தீபாவளி சீசனுக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். அந்த செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்தேன், அதாவது தேறாமல் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். மூன்றிலும் சம்பளம் குறைவு அங்கேதான். ஆனால் படிப்பின் மேல் கை வைக்காத வேலையும் அது ஒன்றுதான்.

வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடுமா என்பதைச் சம்பளம் தீர்மானிப்பதில்லை, ஆளின் சுறுசுறுப்பும் தீர்மானிப்பதில்லை. அந்த வேலைக்கு ஆள் அதிகம் தேவைப்படும் நேரமும், கல்லூரி உங்களைக் கேட்கும் நேரமும் ஒன்றாக விழுகிறதா என்பதுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு அரியர் செலவானது. தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரிகளில் முழுநேரம் படிப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். பொறியியல் மாணவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். விடுதியில் இருந்தால் இன்னும் மாறும்.

1. எவ்வளவு பணம், எதற்கு?

வேலை தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ், போன் ரீசார்ஜ், மதியச் சாப்பாடு, ரெக்கார்டு நோட்டு. அப்புறம் பலர் எழுதத் தயங்குகிற ஒரு வரி: வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது? அதையும் எழுதிவிடுங்கள். அதை எழுதாமல் போடும் கணக்கு இரண்டாவது மாதமே உடைந்துவிடும்.

இப்போது வேலை செய்யாமலே வரக்கூடிய பணத்தைக் கழியுங்கள். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் என்று 2022இல் தொடங்கினார்கள். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். இது போக ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகைகள் தனி. பெண்களுக்கு அரசு நகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 மே முதல் காசு இல்லை.

எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பையன், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காமல் விட்டதால் ஒரு செமஸ்டர் முழுக்க அந்த ஆயிரம் வரவில்லை. அதே ஆயிரத்துக்காக மாதம் இரண்டு ராத்திரி மண்டபத்தில் கண்விழித்துக்கொண்டிருந்தான். வங்கியில் அரை மணி நேர வேலை அது. கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகையைப் பார்க்கும் கிளார்க் யார் என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

மீதம் துண்டு விழுகிற தொகை எவ்வளவோ, அதுதான் நீங்கள் சம்பாதிக்க வேண்டியது. மாதம் 3000 போதும் என்றால் 9000 கிடைக்கும் வேலைக்குப் போகாதீர்கள். அதற்குத் தகுந்த மணிநேரத்தை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்வார்கள்.

2. அட்டென்டன்ஸ் என்பது உங்கள் கையிருப்பு

ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். 22 நாள் விடலாம். 75க்குக் கீழே போய் 65க்கு மேலே நின்றால் பல பல்கலைக்கழகங்களில் காண்டனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் கட்டி எழுதவிடுவார்கள். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரில் எழுத முடியாது. 50க்கும் கீழே என்றால் பல இடங்களில் செமஸ்டரையே திரும்பப் படிக்கச் சொல்வார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிகள் அவர்களுடையவை; கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். பாடவாரியாகக் கணக்கெடுக்கும் கல்லூரியில் ஒரே பாடத்தின் மணியை அடிக்கடி விட்டால் மொத்தம் 80 இருந்தும் அந்த ஒரு பாடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த 22 நாளை வேலைக்கான விடுமுறை என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. காய்ச்சல் வரும், பாட்டி இறந்துபோவார், ஊரில் கோயில் கொடை வரும். பத்து நாளை அதற்கென்று மூடி வைத்துவிடுங்கள். வேலைக்காக விடக்கூடியது அதிகபட்சம் 12 நாள். அதில் முதல் மாதத்தில் ஒரு நாள்கூட எடுக்காதீர்கள்.

அப்புறம் டே ஆர்டர்: கிழமையை விட்டுவிட்டு டே 1, டே 2 என்று எண் போட்டு டைம் டேபிளை ஓட்டும் முறை. ஆறு நாள் டே ஆர்டர் உள்ள கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். இந்தத் திங்கள் டே 1 என்றால் வெள்ளி டே 5. அடுத்த திங்கள் டே 6, செவ்வாய்தான் டே 1. நடுவில் ஒரு விடுமுறை வந்தால் மறுபடியும் ஒன்று தள்ளும். ஆனால் கடை முதலாளிக்கு உலகம் கிழமையில்தான் ஓடுகிறது. "செவ்வாய் மதியம் சரக்கு வரும், வந்துரு" என்பார். இந்தச் செவ்வாய் உங்களுக்கு மதியம் ஓய்வு; அடுத்த செவ்வாய் லேப். ஆகவே கிழமை சொல்லி எந்த வேலையையும் மதியத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். செமஸ்டர் தொடக்கத்தில் கல்லூரி கொடுக்கும் காலண்டரில் தேதிவாரியாக டே ஆர்டர் இருக்கும். அதை அப்படியே வீட்டு நாள்காட்டியில் பென்சிலால் எழுதிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் காலை ஷிப்ட் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு மணிவாக்கில் வெளியே வந்துவிடலாம். மதிய ஷிப்டில் விடுவதற்கு மாலை ஆகிவிடும். மாலை வேலை எதற்கும் நேரத்துக்குப் போக முடியாது. அவர்களுக்கு ஒத்துவருவது விடிகாலை வேலைகள்: பேப்பர், பால், பூ மார்க்கெட் கணக்கு.

3. வேலையை அதன் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நவம்பரில் ஒரு செமஸ்டர் தேர்வு, ஏப்ரலில் ஒன்று. வேலைகளை இந்த இரண்டு மாதத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

கேட்டரிங்: மாணவர்கள் அதிகம் போவது இதற்குத்தான். அன்றன்றைக்குக் காசு, சாப்பாடு இலவசம், வேண்டாம் என்றால் போகாமல் இருக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆவணி, தை, மாசி, வைகாசி மாதங்களில் முகூர்த்தம் குவியும்; அப்போது நமக்குத் தேர்வு இல்லை. ஆக இது நல்ல பொருத்தம், கார்த்திகையைத் தவிர. கார்த்திகை முகூர்த்தமும் செமஸ்டரும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஏஜென்ட் ஆள் கிடைக்காமல் போன் மேல் போன் போடுவார். எடுக்காதீர்கள்.

இரவு ரிசப்ஷன், காலை முகூர்த்தம் என்று இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைசிப் பந்தி முடிந்து மேசையில் சுற்றிய காகிதத்தைச் சுருட்டிப் போட்டு முடிக்கப் பன்னிரண்டரை ஆகும். டைனிங் ஹாலிலேயே ஜமக்காளத்தை விரித்துப் படுத்தால், நான்கு மணிக்கு இலை நறுக்க எழுப்பிவிடுவார்கள். சாம்பார் வாளியின் கம்பி வலது கையில் பதித்த கோடு மறுநாள் வரை இருக்கும். எட்டு மணிக்குக் கிளம்பி நேராகக் கல்லூரிக்குப் போய்விடலாம் என்று நானும் நினைத்தேன். போனேன், முதல் பீரியடிலேயே தூங்கினேன். அட்டென்டன்ஸ் விழுந்தது, வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் கல்லூரி இருந்தால் ரிசப்ஷன் மட்டும், மறுநாள் விடுமுறை என்றால் இரண்டும். இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

ஜவுளிக்கடை தீபாவளி சீசன்: என் அனுபவத்தில் மிக மோசமான பொருத்தம். தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வரும். அதற்கு முந்தைய மூன்று வாரம் கடைக்கு ஆள் வேண்டும். உங்களுக்கு மாடல் தேர்வு, அசைன்மென்ட், ரெக்கார்டு கையெழுத்து எல்லாம் அதே மூன்று வாரம். காலை ஒன்பதரைக்கு ரெடிமேட் பிரிவில் நின்றால், ஷட்டர் இறக்கியபின்பும் பிரித்துப்போட்ட சட்டைகளை அட்டை வைத்து மடித்து, பின் குத்தி அடுக்க வேண்டும். உட்காரவே முடியாது. கடைகளில் ஊழியருக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தம் வந்தது. நான் நின்றது அதற்கு முன்னால். கிடைத்த பணம் அப்போது பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அரியரைத் திரும்ப எழுத ஆறு மாதம் காத்திருந்ததையும், கல்லூரிக்கு வந்த ஒரு நிறுவனம் 'அரியர் இல்லாதவர்கள் மட்டும்' என்று சொல்லி என்னை உள்ளேயே விடாததையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டியூஷன்: சம்பளம் சிறிது சிறிதாக வரும், ஆனால் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தலாம், பஸ் செலவு இல்லை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் என்பதால் நவம்பரில் உங்களுக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஏப்ரலில்தான் மோதும்: பிள்ளைக்கு முழுஆண்டுத் தேர்வு, உங்களுக்கும் தேர்வு. ஜனவரியிலேயே அம்மாக்களிடம் பேசி, பாடத்தை மார்ச்சுக்குள் முடித்துவிட்டு ஏப்ரலில் திருப்புதல் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரி ஒர்க், ஃபால்ஸ் தைப்பது: கைவேலை தெரிந்த மாணவிகளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு பிளவுஸுக்கு இவ்வளவு என்று காசு, நேரம் உங்களுடையது. ஆனால் ஆர்டர் கொடுக்கும் அக்கா முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து வாசலில் நிற்பார். 'இந்தத் தேதிக்குள் முடியாது' என்று முதலிலேயே சொல்லப் பழக வேண்டும்.

உணவு டெலிவரி: 18 வயது, லைசென்ஸ், வண்டி வேண்டும். முதலாண்டு சேரும்போது பலருக்கு 17தான் ஆகியிருக்கும். அண்ணன் பெயரில் ஐடி எடுத்து ஓட்டாதீர்கள், விபத்து என்று வந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாலை ஏழு முதல் பத்து வரை ஆர்டர் அதிகம் என்பதால் காலை ஷிப்ட் மாணவருக்கு நேரம் பொருந்தும். ஆனால் இன்சென்டிவ் வேண்டுமென்றால் மழையிலும் ஞாயிறிலும் ஓட்ட வேண்டியிருக்கும். பெட்ரோல், டயர், சர்வீஸ் போக நிற்பதுதான் வருமானம். உங்கள் வண்டி இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு மட்டுமா என்று பாலிசியைப் பாருங்கள். இந்தத் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசு 2023இல் நலவாரியம் அமைத்திருக்கிறது. ஓட்டுவது என்று முடிவெடுத்தால் முதலில் அதில் பதியுங்கள்.

வருடம் முழுக்க ஒரே அளவில் ஓடும் கடைகள்: மெடிக்கல், ஜெராக்ஸ், பலசரக்கு, டிபார்ட்மென்டல் ஸ்டோர். இவற்றுக்குச் சீசன் என்று பெரிதாக இல்லை, மாலையில் கூட்டம். மெடிக்கல் ஷாப்பில் மருந்து கொடுப்பது பார்மசிஸ்டின் வேலை, நீங்கள் செய்யக்கூடாது. பில் போடுவது, சரக்கு அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது நம் வேலை. காலாவதியான மாத்திரைகளைத் தனியாக எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பி அனுப்ப டெபிட் நோட் எழுதியபோதுதான், வகுப்பில் இரண்டு வருடம் புரியாத 'பர்ச்சேஸ் ரிட்டர்ன்' ஒரே சாயங்காலத்தில் புரிந்தது. உங்கள் பாடத்தோடு உரசும் வேலை கிடைத்தால் நூறு இருநூறு குறைந்தாலும் எடுங்கள்.

4. முதல் நாளே பேசிவிடுங்கள்

வேலை கேட்கும்போது பரீட்சையைப் பற்றிப் பேசினால் எடுக்கமாட்டார்களோ என்று பயந்து மறைப்பார்கள். நவம்பரில் திடீரென்று லீவு கேட்டால்தான் பிரச்சினை. மெடிக்கல் ஷாப்பில் நான் பேசியது இப்படி:

"எத்தனை மணிக்கு வருவே தம்பி?"

"அஞ்சரைக்கு வந்துருவேன் அண்ணாச்சி. பத்து மணி வரைக்கும் இருக்கேன். ஆனா நவம்பர்லயும் ஏப்ரல்லயும் பரீட்சை வரும். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வரமாட்டேன்."

"அது எத்தனை நாளு?"

"ஆறு பேப்பருண்ணாச்சி. தேதி வந்ததும் எழுதித் தந்துர்றேன்."

தேதி வந்ததும் எழுதிக் கொடுத்தேன். இன்சுலின் வைக்கும் பிரிட்ஜின் கதவில் ஒட்டிவிட்டார். ஒவ்வொரு பேப்பர் முடிந்ததும் அவரே பேனாவால் அடித்துவிடுவார். என்னைவிட அவருக்குத்தான் எத்தனை பேப்பர் பாக்கி என்று நன்றாகத் தெரியும்.

கூடவே கேட்க வேண்டியவை: சம்பளம் எந்தத் தேதியில், வாராந்தர விடுமுறை எது, தாமதமானால் பிடித்தமா, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ் எப்போது. பெண்கள் இந்தக் கடைசிக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்கலாம்.

அசல் மார்க் ஷீட், டி.சி. எதையும் எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். வேலைக்கு முன்பணம் கேட்டால் அது வேலையே அல்ல. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பயன்படுத்தக் கொடுத்தால் கமிஷன் என்று வருவதெல்லாம் மோசடி. மூன்றாவதில் ஏமாந்தவராக இல்லாமல், குற்றத்தில் பங்காளியாகப் போலீஸ் முன் நிற்க நேரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

5. டியூட்டரிடமும் ஒரு வார்த்தை

வகுப்பு டியூட்டரிடம் (வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர்) நீங்கள் வேலைக்குப் போவதைச் சொல்லி வையுங்கள். சலுகைக்காக அல்ல, சொல்லாவிட்டால், கடைசி பெஞ்சில் தூங்கும் பையன் என்றுதான் உங்களைத் தெரியும். "மேம், சாயங்காலம் கடைக்குப் போறேன். செமினார் தேதி மட்டும் முன்னாடியே தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்றால் போதும். எங்கள் டியூட்டர் மேம் அப்புறம் என் செமினாரை எப்போதும் முதல் ஆளாகப் போட்டுவிடுவார். மாத நடுவில் அட்டென்டன்ஸ் சதவீதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அந்த அறிமுகம் உதவும்.

6. படிப்பை எங்கே நுழைப்பது?

இரவு பத்தரைக்கு வீட்டுக்கு வந்து படிப்பேன் என்று திட்டம் போடாதீர்கள். நடக்காது. காலை ஷிப்ட் மாணவனுக்கு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை இருக்கிறதே, அதுதான் படிக்கும் நேரம். சாப்பிட்டதும் முக்கால் மணி தூக்கம், பிறகு படிப்பு. வீட்டில் சத்தம் என்றால் கல்லூரி நூலகத்திலேயே இருந்துவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள்.

இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்றிருக்கும் தாள்களில், வேலைக்குப் போகிறவர்கள் கோட்டைவிடுவது அந்த 25இல்தான். அசைன்மென்ட் கொடுத்த அன்றே முதல் பக்கத்தை எழுதிவிடுங்கள். ஒரு தாளுக்குப் பொதுவாக ஐந்து யூனிட். வகுப்பில் ஒரு யூனிட் முடிந்த வார ஞாயிறில் பழைய கேள்வித்தாள்களிலிருந்து அந்த யூனிட் கேள்விகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். கணக்குப் பாடம் என்றால் இரண்டு கணக்காவது போட்டுப் பாருங்கள், வாசித்தால் வராது.

தூக்கம் ஆறு மணிக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் பில்லில் தப்பு வரும், வண்டி ஓட்டினால் அதைவிட மோசமானது வரும்.

7. கையில் வந்த பணம்

சம்பளம் வந்த அன்றே தேர்வுக் கட்டணத்துக்கான பங்கை வேறு கணக்கில் போடுங்கள், அல்லது அம்மாவிடம் கொடுங்கள். பெரிய நிறுவனத்தில் ரோலில், அதாவது பதிவேட்டில் பெயர் சேர்த்து, எடுத்தால் பி.எப். (வருங்கால வைப்பு நிதி) பிடிப்பார்கள், ஊழியர் பங்கு 12 சதவீதம். அப்போது கிடைக்கும் யு.ஏ.என். என்ற பி.எப். எண் வாழ்நாளுக்கு ஒன்றுதான், எழுதி வையுங்கள். படிப்பு முடிந்து சேரும் வேலையிலும் அதையே கொடுக்க வேண்டும். சம்பளம் 21,000க்குள் இருந்து, நிறுவனம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வரம்பில் வந்தால் அதற்கும் 0.75 சதவீதம் போகும். ஏன் பிடிக்கிறார்கள் என்று திட்டாதீர்கள், காய்ச்சல் வந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம்.

8. எப்போது விடுவது?

அட்டென்டன்ஸ் 80க்குக் கீழே வந்தால் நாட்களைக் குறையுங்கள். ஒரே செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தால் வேலையை மாற்றுங்கள். சம்பளம் இரண்டாவது மாதமும் இழுத்தடித்தால் மூன்றாவது மாதம் போகாதீர்கள். பாக்கியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகாராகக் கொடுக்கலாம். மற்றபடி நல்ல இடமாக இருந்தால் 15 நாள் முன்பே சொல்லிவிட்டு, இன்னது முதல் இன்னது வரை வேலை பார்த்தார் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்டார்கள்.

அண்ணாச்சியிடமிருந்து இப்போதும் மார்ச் மாதக் கடைசியில் போன் வரும். "ஸ்டாக் எடுக்கணும் தம்பி, காலேஜ் பையன் எவனாச்சும் இருந்தா அனுப்பு." யாராவது பெயர் கொடுத்தால், அவன் எந்த ஷிப்ட் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.